வெளியே விடுகிற மூச்சு

பெருமைதான் பேசப்போகிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிடிக்காதவர்கள் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு மெல்ல வரலாம். சர்க்கரையைப் பற்றியும் மூட்டுவலியைப் பற்றியும் மருமகள்களைப் பற்றியும் நாம் பேசாத பேச்சா? ஒரு நாள் நான் என்னைப் பற்றிப் பேசினால் குடி முழுகிப் போய்விடாது.

போன வாரம் நம் லே-அவுட் பூங்காவுக்கு ஒரு பையன் வந்தானே, நமக்கெல்லாம் ஓட்டப் பயிற்சி சொல்லிக்கொடுக்க? "மொதல்ல மூச்சு எப்படி விடணும்னு கத்துக்கலாம் மேடம்" என்று ஆரம்பித்தான். நீங்களெல்லாம் பயபக்தியோடு கண்ணை மூடிக்கொண்டு நின்றீர்கள். எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எட்டாம் வகுப்பு படிக்கும்போது, ஒருவரும் சொல்லித்தராமல், அடுப்பங்கரையில் குந்திக்கொண்டு நான் கண்டுபிடித்த சங்கதி அது.

எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கம். இன்று கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கிற இடமெல்லாம் அன்றைக்கு வயலும் செங்கல் சூளையும்தான். அப்பாவுக்குச் சூளையில் வேலை. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். காலைக் கோயில் மணி அடிக்கும்போதே எழுந்து அடுப்பு மூட்ட வேண்டியது என் பொறுப்பு. மூட்டுவது என்றால் சும்மா இல்லை. ஐப்பசி பிறந்துவிட்டால் வேலிக்காத்தான் குச்சி, சவுக்கு மிளாறு, வறட்டி எல்லாமே ஈரத்தில் ஊறிப்போயிருக்கும். ஊது ஊது என்று ஊதினால்தான் ஒரு பொறி எட்டிப் பார்க்கும்.

அப்பா சூளையிலிருந்து கொண்டுவந்த ஓர் இரும்புக் குழாய்த் துண்டுதான் எங்கள் ஊதாங்குழல். வாயில் வைத்தால் துருவும் சாம்பலும் கலந்த ருசி. காலையில் குடிக்கிற கருப்பட்டிக் காப்பிகூட அந்த ருசியைத் தாண்டித்தான் நாக்குக்குப் போகும். உதட்டைச் சுற்றிக் கரி வளையம் விழுந்திருப்பது தெரியாமலே பள்ளிக்கூடம் போய், "இன்னாடீ, மீசை மொளச்சிகீது?" என்று எத்தனை தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்! கேஸ் அடுப்பு வந்த பிறகு அந்தக் குழாய் பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது. என் மகளுக்கு அப்படி ஒரு சாமான் இருந்ததே தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சின்ன வயதில் எனக்கு இழுப்பு உண்டு. இப்போது வீசிங் என்கிறார்கள். பனிக்காலம் வந்தால் போதும், நெஞ்சுக்குள்ளே பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் வரும், படுக்க முடியாது. அம்மா என்னை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, மாதா கோயில் விளக்கிலிருந்து எடுத்துவந்த எண்ணெயை மார்பில் தேய்த்துவிடுவாள். பிறகு என் முதுகில் காதை வைத்துக் கேட்பாள். சத்தம் அடங்குகிறவரை அந்தக் காது நகராது.

அம்மாவின் தங்கை, என் சித்தி, இழுப்பில்தான் செத்துப்போனாள். கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். நாற்றுக் கட்டைச் சுமந்துகொண்டு வரப்பில் ஓடிவந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். அப்போது பக்கத்தில் இருந்தது அம்மா ஒருத்திதான். அதைப் பற்றி அவள் பேசவே மாட்டாள். எட்டாவது வருவதற்குள் எனக்கு இழுப்பு நின்று வருஷங்கள் ஆகியிருந்தன. அம்மாவுக்குத்தான் நிற்கவில்லை. கொஞ்சம் எட்டி நடந்தாலும், "ஓடாதடீ, மூச்சு வாங்கப் போவுது" என்று பின்னாலிருந்து குரல் வந்துவிடும்.

அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புது டிரில் மாஸ்டர் வந்து சேர்ந்தார். சாக்பீஸ் தேய்த்து வெளுத்த கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில், இஸ்திரி கலையாத அரைக்கால் சட்டை. நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். பெண்பிள்ளைகள் ஓடுவதா என்று ஊரே மூக்கில் விரல் வைத்த காலத்தில் எங்களை மைதானத்தில் இறக்கியவர் அவர். ஆனால் அவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது.

"மூக்கு மூச்சு வுடறதுக்கு, வாய் சோறு துன்றதுக்கு. ரெண்டையும் கலக்கக் கூடாது!" என்பார். எங்களை வரிசையாக நிற்க வைத்து, பானைத் தண்ணீரை டம்ளரில் மொண்டு ஆளுக்கு ஒரு வாய் ஊற்றுவார். அதை வாயிலேயே வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்து அவர் முன்னால் துப்ப வேண்டும். துப்பத் தண்ணீர் இல்லையென்றால் வாயைத் திறந்துவிட்டாள் என்று அர்த்தம். அவளுக்கு வெயிலில் முட்டி.

கன்னத்தை உப்பிக்கொண்டு கண்ணைப் பிதுக்கிக்கொண்டு வகுப்பே ஓடுகிற கூத்தை நினைத்துப் பாருங்கள். யாராவது ஒருத்தி திரும்பிப் பார்த்தால் போச்சு, எல்லோருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். ஒரு நாள் என் சிநேகிதி அடக்க மாட்டாமல் 'புர்ர்'ரென்று துப்ப, மொத்தத் தண்ணீரும் மாஸ்டரின் வெள்ளை ஷூ மேலேயே போய் விழுந்தது. அன்றைக்கு நாங்கள் எல்லோருமே முட்டி போட்டோம், சிரித்துக்கொண்டே.

எனக்கு மட்டும் அது சிரிப்பாக முடியவில்லை. என் மூக்கு எப்போதும் பாதி அடைத்தே இருக்கும். வாயையும் மூடினால் நான் எங்கே போவேன்? அரைச் சுற்றிலேயே கண் இருட்டிக்கொண்டு வரும். தண்ணீரை முழுங்கி, புரையேறி, இருமிக்கொண்டு கடைசி ஆளாக வந்து சேர்வேன். "உனக்கு நெஞ்சுல தம் கெடையாது. நீ போய் கேரம் ஆடு" என்றார் மாஸ்டர். எல்லோர் முன்னாலும் சொன்னார். வந்த ஆத்திரத்தில் வீடு வரைக்கும் அழுதேன். அம்மா காரணம் கேட்டாள், சொன்னேன். "நல்லதுதான் சொல்லிகீறாரு" என்றாள். அதற்கும் சேர்த்து அழுதேன்.

அதன்பின் ஒரு மழை நாள். விடிய விடியக் கொட்டியிருந்தது. விறகு பிடிக்கவே இல்லை. ஊதி ஊதி, சோறு வடித்து இறக்குவதற்குள் பள்ளிக்கூட நேரம் தாண்டிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை மேல் ஓடினேன். ஒரு பக்கம் ததும்புகிற தண்ணீர், மறு பக்கம் வயல், காலடியில் வழுக்குகிற செம்மண். ஏரி நிறைந்தால் தண்ணீர் வழிந்தோடுகிற கலங்கல் பாதி வழியில் இருக்கிறது. எப்போது ஓடினாலும் அங்கே வருவதற்குள் விலாவில் சுருக்கென்று குத்தும், குனிந்து நின்றுவிடுவேன். அன்றைக்குக் கலங்கலைத் தாண்டி, புளியமரத்தையும் தாண்டிய பிறகுதான் நான் நிற்கவே இல்லை என்பது உறைத்தது.

என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று கவனித்தேன். உதடு குவிந்தே இருந்தது. ஊதிக்கொண்டே ஓடிவந்திருக்கிறேன்!

ஊதாங்குழல் பிடித்தவர்களுக்கு இது புரியும். குழாயை வாயில் வைத்தபடி மூச்சை இழுக்கக் கூடாது. இழுத்தால் புகையும் சாம்பலும் தொண்டைக்குள். ஒரு முறை இழுத்துப் பட்டவள் ஆயுசுக்கும் இழுக்க மாட்டாள். முகத்தைத் திருப்பி ஒரு சின்ன மூச்சு, பிறகு வயிறு முதுகோடு ஒட்டுகிறவரை நீளமாக ஊதல். ஊதி முடித்ததும் காற்று தானாக உள்ளே வந்து நிறையும், நாம் மெனக்கெட வேண்டாம். எல்லோரும் மூச்சை இழு, இழு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இழுப்பது நம் வேலையே இல்லை. வெளியே விடுவதுதான் நம் வேலை. பழசை முழுக்க விட்டால் புதுசு தானே வரும்.

அன்றிலிருந்து ஏரிக்கரைதான் என் மைதானம். ஒவ்வொரு முறையும் ஊதல் ஒரே கால் விழும்போது ஆரம்பித்தால் அந்தப் பக்கத்து விலாவில் வலி பிடிக்கிறது என்று கண்டுகொண்டேன். ஒரு தடவை வலது காலில், அடுத்த தடவை இடது காலில் என்று மாற்றினேன். வலி போயே போச்சு. பூங்காவுக்கு வந்த பையன் இதையும் சொன்னான், கவனித்தீர்களா? அவன் அப்பா பிறப்பதற்கு முன்னால் எனக்குத் தெரியும்!

ஒரே ஒரு குறை. சத்தம். உதட்டைக் குவித்து அடிவயிற்றிலிருந்து விடுகிற மூச்சு சும்மா போகாது. 'ஹூஃப், ஹூஃப்' என்று நாலு வயல் தாண்டிக் கேட்கும்.

மாவட்டப் போட்டிக்கு ஆள் எடுக்கிற நாள் வந்தது. மைதானத்தை இரண்டு சுற்று ஓடுகிற பந்தயத்துக்குப் பெண்களில் ஒருத்திதான். மாஸ்டர் டம்ளரை நீட்டினார்.

"எனக்குத் தண்ணி வேணாம் சார்."

"அப்ப ஓட்டமும் வேணாம். போய் ஒக்காரு."

ஷூவை நனைத்த என் சிநேகிதிக்கு வாய் சும்மா இருக்காது. "சார், அவ தண்ணி இல்லாமலே ஓடட்டும் சார். தோத்தா மானம் போறது அவளுக்குத்தானே?" என்றாள். மாஸ்டர் சிரித்துவிட்டார். ஓடினேன். 'ஹூஃப், ஹூஃப்' என்று நான் வருகிற சத்தத்தைக் கேட்டு, "ரயிலு வருதுடீ, வழி வுடுங்க!" என்று மரத்தடியில் இருந்தவர்கள் கத்தினார்கள். ஓடிக்கொண்டிருந்தவர்கள் நிஜமாகவே வழிவிட்டார்கள். முன்னால் ஓடிக்கொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்து, வாயில் இருந்த தண்ணீரும் போய், ஓட்டமும் போனது. ஆனால் அவள் சிரித்ததால் நான் ஜெயித்தேன் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். அதற்கு முன்பே நான் அவளை எட்டிப் பிடித்தாகிவிட்டது.

"ஓட்டம் சரி. சத்தந்தான் நாராசமா இருக்கு" என்றார் மாஸ்டர். "எப்படியோ போ. உம் பேரையே குடுக்கறேன்."

வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். எனக்கு முன்னால் சங்கதி போய்ச் சேர்ந்திருந்தது. மைதானத்து வேலி ஓரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா பற்ற வைத்துவிட்டாள். "உம் பொண்ணு மூச்சு வாங்கிக்கினு இழுத்துக்கினு ஓடுது. பாக்கவே பயமாகீது" என்று.

அம்மா வாசலிலேயே என்னைப் பிடித்துத் திருப்பி, முதுகில் காதை வைத்தாள்.

"அது இழுப்பு இல்லம்மா. அடுப்பு ஊதறேன்ல, அந்த மாதிரி ஊதறேன். ஊதனா நல்லா ஓட வருதும்மா."

"ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னுதான் உன் சித்தியும் சொன்னா" என்றாள் அம்மா. முதல்முறையாக அவள் வாயிலிருந்து சித்தியின் பேச்சு வந்தது.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்ததும் அப்பாதான் எனக்காகப் பேசினார். "வுடுமே. ஒரு தபா போய்ட்டு வரட்டும். ஸ்கூல்ல நம்ம பொண்ணத்தான் எடுத்துகீறாங்க."

அம்மா எச்சில் தட்டுகளை எடுத்து அடுக்கினாள். பிறகு, "நானும் வருவேன்" என்றாள். "மைதானத்த சுத்தி கட்டற கயித்துக்கு இந்தாண்டையே நிப்பேன். அந்தச் சத்தம் எங் காதுல வுழுந்துச்சு, அங்கயே நிறுத்தி இட்டாந்துடுவேன். அத்தோட உன் ஓட்டம் முடிஞ்சுது. அப்புறம் ஓடறேன்னு வந்து நிக்கக் கூடாது."

சரி என்று தலையாட்டினேன். வேறு வழி? சத்தம் போடாமல் ஊதிப் பார்க்கிறேன் என்று ஏரிக்கரையில் தலைகீழாக நின்று பார்த்தேன். உதட்டைச் சிறிதாக்கினால் மூச்சு பாதிதான் வெளியேறியது, கலங்கல் கிட்டவே விலா குத்தியது. ஊதினால் அம்மா நிறுத்துவாள். ஊதாவிட்டால் நானே நின்றுவிடுவேன். இரண்டு பக்கமும் அடைத்த வளைக்குள் மாட்டிய எலி மாதிரி இருந்தது என் நிலைமை.

பொங்கல் கழிந்து போட்டி. பஸ்ஸில் காஞ்சிபுரம் போனோம். அம்மா கிறிஸ்துமஸுக்கு எடுத்த நீலச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மடியில் புளிசோற்றுத் தூக்கு, கையில் மாதா கோயில் எண்ணெய்ப் புட்டி. வழி முழுக்க அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது, ஜெபம்.

சுண்ணாம்புக் கோடு போட்ட அவ்வளவு பெரிய மைதானத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மற்றப் பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஷூ போட்டிருந்தார்கள், அரைக்கால் சட்டை போட்டிருந்தார்கள். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு நின்றேன். மாஸ்டர் அங்கேயும் டம்ளரோடு வந்தார். "பழக்கத்த வுடாத" என்று நீட்டினார். வாங்கி மடக்கென்று குடித்தேன். தாகமாக இருந்தது.

விசில் ஊதினார்கள். முதல் சுற்று முழுக்க வாயை இறுக மூடிக்கொண்டுதான் ஓடினேன். அம்மாவைத் தாண்டும்போது ஓரக்கண்ணால் பார்த்தேன். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொருத்தியாக என்னைத் தாண்டிப் போனார்கள். விலாவில் குத்த ஆரம்பித்தது, கண் இருட்டியது. கடைசிக்கு முந்தின ஆளாக இரண்டாவது சுற்றுக்குள் நுழைந்தேன்.

மைதானத்தின் எதிர்ப்பக்கம் போனதும் அம்மாவின் காது எட்டாது என்ற தைரியம் வந்தது. ஊதினேன். வயிறு ஒட்டுகிறவரை ஊதினேன். வலது காலில் ஒன்று, இடது காலில் ஒன்று. விலா விட்டுக்கொடுத்தது. கண் தெளிந்தது. கால்கள் இரண்டும் என்னுடையவையாகிவிட்டன. ஒருத்தியைத் தாண்டினேன், இன்னொருத்தியைத் தாண்டினேன். வளைவு திரும்பியதும் தூரத்தில் நீலச் சேலை தெரிந்தது.

உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. வாயை மூடலாமா? மூடினால் முன்னால் போகிற மூன்று பேரும் கிடைக்க மாட்டார்கள். மூடாவிட்டால் இதுதான் என் கடைசி ஓட்டம். கடைசி ஓட்டம் என்றால் அதை நன்றாகத்தான் ஓடுவோமே என்று தோன்றியது. இன்னும் பலமாக ஊதினேன்.

அம்மா கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே வந்துவிட்டாள்.

"நில்லுடீ! யம்மாடீ, நில்லு!"

நான் நிற்கவில்லை. அவளைத் தாண்டிவிட்டேன். பின்னால் தொப் தொப்பென்று காலடிச் சத்தம். கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்மா என் பின்னால் ஓடிவருகிறாள்! கூட்டம் முழுக்க எழுந்து கைதட்டியது, விசிலடித்தது. பெண்ணுக்குத் தெம்பு சொல்லத்தான் தாய் ஓடுகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். "நில்லுன்றேன்ல!" என்று அவள் கத்தியது அந்த ஆரவாரத்தில் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அவள் கையில் அகப்பட்டால் தீர்ந்தது என்ற ஒரே பயத்தில் ஓடினேன். ஷூ போட்டவர்களில் ஒருத்தியைத் தாண்டியது தெரிந்தது. மற்ற இருவரை எப்போது தாண்டினேன் என்று இன்றுவரை தெரியாது. முடிவுக் கோட்டில் கட்டியிருந்த நூல் நெஞ்சில் பட்டு அறுந்தது.

நின்று திரும்புவதற்குள் அம்மா வந்துவிட்டாள். என்னை இழுத்துப் புல்லில் உட்கார வைத்து, முதுகில் காதைப் பதித்தாள். எனக்கு மூச்சு வாங்கியது, அவளுக்கு அதைவிட அதிகமாக வாங்கியது. கொஞ்ச நேரத்தில் என் மூச்சு அடங்கியது. பூனைக்குட்டி இல்லை, ஒன்றும் இல்லை. அம்மா காதை எடுக்கவில்லை. பிறகு மெதுவாக எடுத்து, என் முகத்தைத் திருப்பி, யாரோ புது ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

அதற்குள் அங்கே தகராறு ஆரம்பித்திருந்தது. ஷூக்காரிகளின் டீச்சர் அம்பயரைப் பிடித்துக்கொண்டார். வெளியாள் கூடவே ஓடி உதவி செய்தால் பரிசு கிடையாதாம், அதுதான் விதியாம். எங்கள் மாஸ்டர் விசிலைக் கடித்துக்கொண்டு நின்றார். அம்பயர் நேராக அம்மாவிடம் வந்தார்.

"இன்னாம்மா இது? பந்தயத்துல பொண்ணுகூடவே ஓடி ஒத்தாசை பண்ணலாமா? பரிசைப் புடுங்கிடுவாங்க, தெரியுமா?"

அம்மா எழுந்து நின்றாள். முந்தானை மண்ணில் கிடந்தது, கொண்டை அவிழ்ந்திருந்தது, இன்னும் மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. வயலையும் கோயிலையும் தாண்டி வேற்று ஆளிடம் நிமிர்ந்து பேசாதவள் அவள்.

"நான் இன்னா சார் ஒத்தாசை பண்ணேன்? அவள நிறுத்தறதுக்கு ஓடனேன் சார். புடிக்க முடில."

அம்பயர் சிரித்தார். அவருக்குப் பின்னால் நின்ற கூட்டமும் சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பு வந்து, பரிசுப் பேச்சை விட்டுவிட்டார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சொன்னது அவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி இன்னொரு முறை சொன்னாள்.

"எம் பொண்ண என்னாலயே புடிக்க முடில சார்!"